மாதவிலக்கு நாலு மாசம் வராம இருந்து, இப்போ 12 நாளா நிக்கல: 47 வயசு

மாதவிலக்கு அடியோட நின்னுடுச்சான்னு கேட்டிருக்கீங்க. இல்லக்கா, இன்னும் நின்னுடல. கடைசி விலக்கிலிருந்து 12 மாசம் ஒரு சொட்டுகூடப் படாம இருந்தாத்தான் நின்னதுன்னு கணக்கு. உங்களுக்கு எண்ணிக்கை மறுபடி ஒண்ணுல இருந்து.

இந்த வயசுல சில மாசம் கருமுட்டை வெளியாகாது. அப்போ புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன் சரியாச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜென்ங்கிற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பை உள்சவ்வைத் தடிக்க வச்சுக்கிட்டே இருக்கும். அது உதிரும்போதுதான் இப்படிக் கட்டிகட்டியா, நாள்கணக்கா. பெரும்பாலும் இதுதான் காரணம். நீங்க எழுதின, ராத்திரி நைட்டி நனையுற வேர்வை, ஈஸ்ட்ரோஜென் ஏறி இறங்குறதால.

முதல்ல சிறுநீர் கர்ப்பச் சோதனை அட்டை ஒண்ணு. சிரிக்காதீங்க, 47-லயும் தரிக்கும். அப்புறம் ரத்தத்துல ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை). பீடி சுத்திட்டு எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுன்னு எழுதியிருக்கீங்களே, அது ரத்தம் குறைஞ்சதாவும் இருக்கலாம். எஃப்எஸ்ஹெச்சுக்கு (கருமுட்டையை வளர்க்கத் தூண்டுற ஹார்மோன் சோதனை) காசு கொடுக்காதீங்க. இந்தக் கட்டத்துல அது ஏறும் இறங்கும், அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

மாமியார் சொல்ற உளுந்தங்களி நல்ல சாப்பாடு. சுகர் இல்லேன்னா கருப்பட்டி, நல்லெண்ணெயோட தாராளமாச் சாப்பிடுங்க. ஆனா உதிரப்போக்கை அது நிறுத்தாது.

மணிக்கு ஒரு பேடுன்னு தொடர்ந்து ரெண்டு மணி நேரம் நனைஞ்சா, அப்பவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அப்படி இல்லேன்னாலும் 12 நாள் ஆயிட்டதால இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டி ஸ்கேன் பார்த்துடுங்க. உள்சவ்வுல துணுக்கு எடுத்துச் சோதிக்கணும்னு டாக்டர் சொன்னா தட்டாதீங்க, 45 தாண்டினா அது வழக்கமாச் சொல்றதுதான்.