வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் அரசிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 மிக்ஜாம் புயலின்போது இடுப்பளவு தண்ணீர் புகுந்து மூன்று நாள் வடியவில்லை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போயிற்று. ரேஷன் அட்டை விருதுநகர் முகவரியில் இருந்ததால் அரசு கொடுத்த 6,000 ரூபாயும் வரவில்லை. தெரு வடிகால் இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது. வெள்ளத்தைத் தடுப்பது அரசின் பொறுப்பு இல்லையா? இழந்ததைக் கேட்டு வாங்க முடியுமா? அடுத்த மழைக்கு முன் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பொறுப்பு அரசுடையதுதான். ஆனால் அதைச் சொல்லி உங்கள் பிரிட்ஜுக்கு விலை வாங்குவது மிகக் கடினம். வடிகாலைச் சரிசெய்ய வைப்பது அந்த அளவுக்குக் கடினமில்லை. உங்கள் நேரத்தையும் தெம்பையும் இரண்டாவது வேலைக்கே செலவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பணம். வெள்ள நிவாரணம் நட்டத்துக்கு ஈடாகத் தரப்படுவதில்லை. உடனடியாகச் சமாளிக்கத் தரும் உதவி, அவ்வளவுதான். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு என்று மத்திய அரசு விதிமுறை வகுத்திருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறையில் உயிரிழப்புக்கு 4 லட்சம், சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000 என்று போகிறது பட்டியல். வீடு இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக மூழ்கியிருந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரம் முதலான வீட்டுப் பொருளுக்கு 2,500. அந்தப் பட்டியலில் உங்கள் நிலைமைக்குப் பொருந்துவது கிட்டத்தட்ட இது ஒன்றுதான். பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அதில் இடமில்லை. 2015 வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளுக்குக் கொடுத்த 5,000, மிக்ஜாமுக்குக் கொடுத்த 6,000 ஆகியவை மாநில அரசு முடிவெடுத்து அறிவித்த தொகைகள். தொகையைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலும் பலன் இருக்காது. கோவிட் மரண நிவாரண வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலையும் அதுதான்: நிவாரணத்துக்கு வழிகாட்டுதல் வகுப்பது சட்டப்படி கட்டாயம், எவ்வளவு என்பது அரசின் முடிவு.

ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெள்ளம் வாடகைக்காரர், சொந்த வீட்டுக்காரர் என்று பார்த்து வருவதில்லை. மிக்ஜாமின்போது உள்ளூர் ரேஷன் அட்டை இல்லாதவர்களும் ரேஷன் கடையில் விண்ணப்பம் கொடுக்க அரசு வழி செய்திருந்தது. இது தெரியாமலே நிறைய வாடகைக் குடும்பங்கள் ஒதுங்கிவிட்டன. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது இதனால்தான். அந்தப் பணத்தை இனி கேட்பது வீண். இந்த மாதமே ரேஷன் அட்டை முகவரியைச் சென்னைக்கு மாற்றிவிடுங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, ஆதார் மூன்றிலும் ஒரே முகவரி இருக்கட்டும். உங்கள் பகுதிக்கு வேளச்சேரி வட்டாட்சியர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்; சேதக் கணக்கெடுப்பு வருவாய்த் துறையின் வேலை. ஒன்று மட்டும்: இழக்காததை இழந்ததாக எழுதிவிடாதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் பொய்யாக நிவாரணம் கோருவதற்கு இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு.

இனி தடுக்கும் பொறுப்பு. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு பேரிடர் திட்டம் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் படகு அனுப்புவது மட்டும் அதன் வேலை இல்லை, வராமல் தடுப்பதும் அதில் அடக்கம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டதைச் சென்னை மறக்கவில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்த வெள்ளம் மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று பதிவானது. மழையின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

சிக்கல், இந்தப் பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடப்பதுதான். தெருவில் உள்ள மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஆறு, ஏரி, பெரிய கால்வாய்கள் நீர்வளத் துறையிடம். சில பெரிய சாலைகளும் அவற்றின் ஓர வடிகால்களும் நெடுஞ்சாலைத் துறையிடம். பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்திடம். உங்கள் பகுதித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போக வேண்டும். இந்த வழியில் எங்கே அடைத்தாலும் உங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கும். புகார் கொடுத்தால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகவும் குப்பைமேடாகவும் மாறிப்போனது உங்கள் தெரு வடிகாலைத் தூர்வாரினால் சரியாகிவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் தெருவில் இருந்துதான் தொடங்க முடியும்.

அதனால் மனுவை ஒரு துறைக்கு மட்டும் எழுதாதீர்கள். மாநகராட்சி மண்டல அலுவலர், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், மாவட்ட ஆட்சியர் மூவருக்கும் ஒரே மனு. தெரு, எந்த மூலையில் அடைப்பு, எத்தனை வீட்டில் தண்ணீர், படம், தேதி. தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் சொன்னாலும் புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் வார்டு பொறியாளரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் மாறுதலில் போய்விட்டால் சொன்னதற்குத் தடயமே இருக்காது.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தூர்வாரவில்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் தெரு வடிகாலைக் கடைசியாகத் தூர்வாரிய தேதி, ஒப்பந்தப் பணி ஆணையின் நகல், வேலையை அளந்து பதிந்த அளவுப் புத்தகத்தின் நகல், கொடுத்த தொகை. வேலை நடக்காமலே நடந்ததாக எழுதியிருந்தால் தெருவாசிகளான உங்களுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அதற்கும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் போகலாம். பொதுமக்களுக்குத் தொல்லையாக இருப்பதை அகற்றும்படி உத்தரவிட, நிர்வாக நடுவர் என்ற முறையில் அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ம் பிரிவு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகர மக்கள் திறந்த சாக்கடைக்கு எதிராக இந்தப் பிரிவில்தான் போனார்கள். நகராட்சி பணமில்லை என்றது. அந்தச் சாக்கு செல்லாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்பது வருடம் கழித்தும் நிதியில்லை என்ற பதிலை எந்த அலுவலகத்தில் கேட்டாலும் இந்தத் தீர்ப்பை மனுவில் எழுதுங்கள். அடுத்த கட்டம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அடைப்பை எடு, ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவு கேட்க அது தக்க இடம். பொருள் இவ்வளவு போயிற்று, பணம் கொடு என்றால் ஆதாரம் விசாரிக்க வேண்டியிருக்கும் என்று பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சிவில் வழக்குக்கு ஒரு தடை இருக்கிறது. சட்டக் கடமையைச் செய்யாததற்கு இழப்பீடு கேட்க, காலவரையறைச் சட்டம் தருவது ஒரு வருடம்தான். அரசுமீது போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸும் கொடுக்க வேண்டும். மிக்ஜாமுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இனி வெள்ளம் வந்தால், துறைக்கு முன்பே தெரிந்திருந்தும் செய்யவில்லை என்று நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். இப்போது கொடுக்கும் மனுவும் அதன் முத்திரையும்தான் அப்போது உங்கள் சாட்சி. தண்ணீர் புகுந்த அன்றே சுவரில் அது நின்ற கோட்டோடு படம் எடுங்கள். பொருள்களின் ரசீதை இப்போதே செல்போனில் படம் பிடித்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். பழுதானதைப் படம் எடுக்காமல் காயலான் கடையில் போடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இலவச உதவி பெறத் தகுதியானவர்கள் பட்டியலில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பெண்களுக்கும் அந்தப் பட்டியலில் தனியாக இடம் உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மனுக்களின் நகல், முத்திரை, தகவல் உரிமை பதில் மூன்றையும் ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.