கோடை இன்டர்ன்ஷிப்புக்குக் கலெக்டர் ஆபீஸ் வேண்டாம், ஒன்றிய அலுவலகம் போங்கள்

காட்பாடியில் இருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் ஏதாவது ஓர் அரசுத் துறையில், மக்களோடு நேரடியாகப் பழகுகிற மாதிரி இன்டர்ன்ஷிப் செய்யணும். கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்து 3 வாரம் ஆச்சு, பதில் இல்லை. சீனியர்கள் 'போனா ஜெராக்ஸ் எடுக்கத்தான் விடுவாங்க' என்கிறார்கள். ஆன்லைனில் 1,500 ரூபாய் கட்டினால் வீட்டில் இருந்தபடியே சான்றிதழ் தருகிறார்களாம். அதுவே போதுமா? எனக்குப் புது ஆட்களிடம் பேசக் கொஞ்சம் கூச்சம் வேறு."

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். அரசு அலுவலகத்தில் களப்பணி கற்றுக்கொள்ள நீங்கள் யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்களும் பெரும்பாலும் உங்களுக்குப் பணம் தரமாட்டார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். போக்குவரத்துக்கு மட்டும் கவலை இல்லை, 2021-இல் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது.

உங்கள் விண்ணப்பத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்றால், அதில் குற்றவாளி யாரும் இல்லை. "ஏதாவது ஒரு துறையில்" என்று எழுதினால் அந்தத் தாள் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். தபாலில் எண் போட்டு ஒரு செக்‌ஷனுக்கு அனுப்புவார்கள், அங்கே இருப்பவர் இது என் வேலை இல்லை என்று அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளுவார், நடுவில் மே மாதம் வந்துவிடும். மாணவர்களைக் களத்துக்கு அனுப்புகிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன், நானும் ஆரம்பத்தில் இப்படித்தான் மேலே இருந்து கடிதம் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஓர் அலுவலகத்தில் 4 வாரம் உட்கார்ந்து பழைய கோப்புகளுக்குப் பக்க எண் போட்டுவிட்டு வந்தான். பக்க எண் போடுவதும் வேலைதான், ஆனால் அதற்கு ஏன் சமூகவியல் படிக்கணும்?

அதனால் கீழே இறங்குங்கள். வேலூர் மாவட்டத்தில் 7 ஊராட்சி ஒன்றியங்கள்: வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு. (2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை இன்னும் பலர் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. மாதனூர் பக்கத்து ஊருக்கு அனுமதி கேட்டு ஒரு பெண் சத்துவாச்சாரியில் இருக்கிற வேலூர் கலெக்டர் ஆபீஸில் வந்து நின்றாள், பாவம், அது இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.) உங்கள் ஒன்றியத்திலேயே கேட்கத் தகுந்த இடம் மூன்று உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்த்துக்கொள்கிற மகளிர் திட்டம், அதில் வட்டார இயக்க மேலாளர். அங்கன்வாடிகளுக்குக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர். அப்புறம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே மருத்துவ அலுவலர் சரி என்றாலும் மாவட்ட சுகாதார அலுவலரின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள், அதற்கு ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போலக் கூச்சம் உள்ளவர்களுக்கு நான் சுகாதாரத்தைத்தான் சொல்வேன். கிராம சுகாதாரச் செவிலியரோடு போனால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். அவர் அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவராக இருப்பார். நீங்கள் யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள், "நர்ஸம்மாகூட வந்த பொண்ணு", அவ்வளவுதான்.

கடிதம் எப்படி எழுதுவது? கல்லூரியில் துறைத் தலைவர் கையெழுத்தோடு அறிமுகக் கடிதம் ஒன்று. அதில் நாள், நேரம், ஊர், வேலை நான்கும் இருக்கணும். உதாரணமாக: "மே 4 முதல் 29 வரை, வார நாட்களில் நாளுக்கு 5 மணி நேரம், காட்பாடி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில், தடுப்பூசி தவறிய குழந்தைகளின் வீடுகளுக்குக் கிராம சுகாதாரச் செவிலியருடன் சென்று பட்டியலைச் சரிபார்க்க அனுமதி வேண்டுகிறோம்." படிக்கிற அதிகாரிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தச் செவிலியருக்கும் லாபம், இடம் மாறிப் போன குடும்பங்களைத் தேட அவருக்கு நேரமே இருக்காது. கணக்குப் போட்டால் 20 நாள், 100 மணி நேரம். 2018-இல் மத்திய அரசு நடத்திய தூய்மை பாரத கோடை இன்டர்ன்ஷிப்புக்கும் இதே 100 மணி நேரம்தான், 2 கிரெடிட் கொடுக்கலாம் என்று யூஜிசி சொல்லியிருந்தது. உங்கள் கல்லூரியில் எத்தனை மணி நேரம் கேட்கிறார்கள் என்று கடிதம் எழுதும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.

மே மாதத்துக்கென்று சில சங்கதிகள் உண்டு. தாலுகா அலுவலகங்களில் மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை, நடக்கும், அப்போது விஏஓவிடம் போய் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், மனிதர் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார். அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் சில நாள் விடுமுறை விடுவதுண்டு. தடுப்பூசிக்குப் புதன்கிழமை, அன்று மட்டும் லீவு போட்டுவிடாதீர்கள், ஒரே இடத்தில் 20 தாய்மாரைப் பார்க்கலாம். மே 1 அன்று கிராம சபை. நீங்கள் வேலையில் சேருவதற்கு முன்பே அந்த ஊர்க் கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். ஊராட்சிச் செயலர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், குழுத் தலைவிகள் எல்லாரையும் இரண்டு மணி நேரத்தில் அடையாளம் பிடித்துவிடலாம். தண்ணீர் வரவில்லை என்று யார் கத்துகிறார்கள், யார் வாயே திறக்காமல் பின்னால் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். உங்கள் அறிக்கையின் முதல் இரண்டு பக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

இனி வீட்டுக்குள் போய்ப் பேசுவது. கல்லூரியில் கேள்வித்தாள் ஒன்று கொடுத்து அனுப்புவார்கள், முதல் கேள்வி பெயர், இரண்டாவது சாதி, மூன்றாவது மாத வருமானம். அதே வரிசையில் கேட்டால் நீங்கள் தொலைந்தீர்கள். குடியாத்தம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த மாணவி நின்றபடியே பேனாவை எடுத்து "மாசம் எவ்வளவு வருமானம்மா?" என்றாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இன்னாத்துக்குக் கேக்குற? கார்டைப் புடுங்கவா?" என்று மட்டும் கேட்டார். கை நிற்கவே இல்லை: இலையின் மேல் தகரத் தகட்டை வைத்துக் கத்தரியால் ஒரு வெட்டு, தூளை வைத்து ஒரு உருட்டு, நுனியை மடித்து நூலால் ஒரு சுற்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கை நின்றால் காசு நின்றது. நான் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை, இலையைப் பார்த்துவிட்டு, "ஓட்டை ஓட்டையா இருக்கே, இதையும் கணக்குல எடுத்துக்கறாங்களாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அடுத்த அரைமணி நேரம் அந்த அம்மாதான் பேசினார். இலை மட்டமாக வந்தால் எண்ணிக்கை குறைவது, அந்தக் குறைச்சல் யார் தலையில் விழுகிறது, மூத்த மகள் பத்தாவதோடு நின்றது, எல்லாம் வந்தது. வருமானமும் வந்தது, கேட்காமலே.

இன்னொன்று, மொழி. பேரணாம்பட்டிலும் வேலூர் டவுனிலும் உருது பேசுகிற தெருக்கள் நிறைய, ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கு. தமிழ் அவர்களுக்குத் தெரியும், ஆனால் உடம்பு, பிரசவம், கடன் இதெல்லாம் வீட்டு மொழியில்தான் சரளமாக வரும். அந்தத் தெருக்காரப் பெண் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கேள்வி வரும்: "மகளிர் உரிமைத் தொகை எனக்கு ஏன் வரலை? நீ சொன்னா வருமா?" வாங்கித் தருகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள், சார்கிட்ட சொல்றேன் என்றும் சொல்லாதீர்கள், அதை அவர்கள் வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த வருடம் வருகிற மாணவி திட்டு வாங்குவாள். எந்த அலுவலகம், என்ன தாள் என்பதைத் தெரிந்துகொண்டு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், போதும். ஆதார் எண்ணை உங்கள் போனில் படம் பிடிக்கவே கூடாது. குழந்தைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் வேண்டாம். குழந்தைக்கு அடி, குழந்தைத் திருமணம் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நியாயம் கேட்காமல் வெளியே வந்து செவிலியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஊருக்கே வெயிலூர் என்று பெயர். அக்னி நட்சத்திரத்தில் காலை 7 முதல் 10.30, அப்புறம் மாலை 4-க்கு மேல், இந்த நேரத்தில் வீடுகளை முடித்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பதிவேட்டை எழுதுங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமம் போகணும் என்று ஆசை வரும், முதல் தடவையே வேண்டாம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற கவலையிலேயே பாதி நாள் போய்விடும்.

வருகைப் பதிவில் வாரம் ஒரு முறை கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால் அதிகாரி மாறுதலில் போயிருப்பார், வந்தவருக்கு உங்களைத் தெரியாது.

சரி, எப்போது போவது? திங்கட்கிழமை போகாதீர்கள், அன்று குறைதீர்வு நாள், அதிகாரிகள் பாதிப் பேர் சத்துவாச்சாரியில் இருப்பார்கள். செவ்வாய் காலை 11 மணிக்கு, கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.