மாநில அரசியலமைப்புத் திருத்தம், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமச் சட்டத்தைத் தானாகவே நீக்கிவிடுமா?

நீக்கிவிடாது; ஆனால் அச்சட்டத்தை நீதிமன்றம் எந்த அளவுகோலால் சோதிக்க வேண்டும் என்பதை மாற்றிவிடலாம். அமெரிக்காவின் லூசியானா இதற்குத் தெளிவான சான்று. ஆயுதங்களை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடைசெய்ய இடமளித்திருந்த வாசகத்தை, 2012 நவம்பரில் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் அம்மாநில அரசியலமைப்பிலிருந்து அகற்றியதோடு, ஆயுத உரிமையைக் கட்டுப்படுத்தும் எச்சட்டமும் மிகக் கடுமையான நீதிமன்றச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றும் விதித்தது. அதாவது, தவிர்க்கவியலாத பொதுநலன் ஒன்று இருப்பதையும், அதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே கட்டுப்பாடு அமைந்திருப்பதையும் அரசே மெய்ப்பிக்க வேண்டும். அப்படியிருந்தும், மறைத்து எடுத்துச் செல்வதைக் குற்றமாக்கிய சட்டம் வீழவில்லை. 2014இல் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. தகுதியுள்ள 18 வயது நிறைந்தோருக்கு உரிமத் தேவையை 2024இல் நீக்கியது சட்டமன்றம்தான். ஆகவே, இடைப்பட்ட ஆண்டுகளில் திருத்தத்தை மட்டும் நம்பி உரிமமின்றித் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் சென்றவர் தண்டனைக்கு உரியவராகவே இருந்தார்.