பழைய பில் மென்பொருளும் புதிய பிரவுசரும்: குடியாத்தம் கடைக்கு ஒரு பதில்

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் இரண்டு கணினிகள். ஒன்றில் விண்டோஸ் 7, இன்னொன்றில் விண்டோஸ் 10. 2013இல் வாங்கிய பில், ஸ்டாக் மென்பொருள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்கிறது. விண்டோஸ் 10 கணினியில் எக்ஸ்ப்ளோரரை அழுத்தினால் மைக்ரோசாப்டின் புதிய பிரவுசரான எட்ஜ் திறக்கிறது. விண்டோஸ் 7 கணினியில் பில் போட முடிகிறது. ஆனால் குரோமில் வங்கித் தளத்துக்குப் போனால் 'பிரவுசரைப் புதுப்பிக்கவும்' என்று நின்றுவிடுகிறது, புதுப்பிக்கவும் முடியவில்லை. மென்பொருள் விற்றவரோ, "அப்டேட்டை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் புதிய பதிப்பு வாங்குங்கள்" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, அப்டேட்டை நிறுத்த வேண்டாம். புதிய பதிப்புக்கு இப்போதே பணம் கட்டவும் வேண்டாம். உங்கள் பில் மென்பொருள் விண்டோஸ் 10 கணினியிலேயே ஓடும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15இல் விடை கொடுத்தது. 2023 பிப்ரவரி 14இல் எட்ஜுக்கு வந்த ஒரு அப்டேட், விண்டோஸ் 10 கணினிகளில் அதைத் திறக்க முடியாமலே செய்துவிட்டது. ஆனால் பக்கங்களைத் திறந்து காட்டும் அதன் பழைய உள் எந்திரத்தை எட்ஜுக்குள் 'ஐஇ மோட்' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். எட்ஜின் செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' என்ற பகுதிக்குச் செல்லுங்கள். தளங்களை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடில் திறக்க அனுமதிக்கும் இடத்தில் 'அலோ' என்று வைத்து, எட்ஜை மூடித் திறங்கள். பிறகு அதே பகுதியில் உள்ள பட்டியலில் உங்கள் மென்பொருளின் முகவரியைச் சேருங்கள். அவ்வளவுதான். 30 நாளுக்கு ஒருமுறை அந்த முகவரி பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மறுபடி சேர்த்தால் போதும். மாதத் தொடக்கத்தில் ஒரு தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இந்த வசதிக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கிறது. விற்றவர் இதை உங்களிடம் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விண்டோஸ் 7 கணினியில் குறை பிரவுசருடையது அல்ல, அடியில் இருக்கும் விண்டோஸுடையது. அதில் குரோம் 109க்கு மேல் ஏறாது. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு விண்டோஸ் 10ஐக் கேட்டது. அன்றிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் எல்லாம் உங்கள் குரோமில் அடைபடாமல் கிடக்கின்றன. வங்கி உங்களை நிறுத்தியது சரிதான். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை இன்றே விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு இணையப் பக்கத்தின் நடுவில் 'உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அழுத்துங்கள்' என்று பெட்டி வந்தால் அழுத்தவே கூடாது. வைரஸை உள்ளே அனுப்ப நெடுநாளாக நடக்கும் தந்திரம் அது. உண்மையான அப்டேட் பிரவுசரின் மெனுவில், 'ஹெல்ப்', அதற்குள் 'அபவுட்' என்ற இடத்தில்தான் தெரியும். கடையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அந்த விண்டோஸ் 7 கணினியைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. ராம் 4 ஜிபி இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகவே ஓடும். விலை கிடையாது. பென்டிரைவில் ஏற்றி, கணினியில் பதியாமலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். புதிய பயர்பாக்ஸ் அதில் இருக்கும். தமிழ்99 விசைப்பலகையும் அமைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி இரண்டையும் மட்டும் விண்டோஸ் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அவற்றை ஓட வைக்க நானே பல இரவுகளைச் செலவழித்திருக்கிறேன். கடைக்காரருக்கு அந்தப் பாடு வேண்டாம். விண்டோஸ் 10க்கும் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே அடுத்து கணினி வாங்கும் செலவை இந்த ஆண்டுக் கணக்கிலேயே எழுதிவையுங்கள்.

அப்டேட் வந்தாலே பொத்தான்கள் இடம் மாறுகின்றன என்ற சலிப்பு பலருக்கு உண்டு. நியாயமான சலிப்பு. குரோம் 2021இல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு விடத் தொடங்கியது. பயர்பாக்ஸில் 'இஎஸ்ஆர்' என்று ஒரு வகை உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வரும், தோற்றமும் வசதிகளும் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும். கடைக்கு அது பொருந்தும்.

இதுவரை சொன்னது கைவைத்தியம். நோய் வேறு இடத்தில் இருக்கிறது. பிரவுசர் மாறியதால் உங்கள் கடை நிற்கவில்லை; ஒரே கம்பெனியின் ஒரே பிரவுசரை நம்பி ஒருவர் மென்பொருள் எழுதினார், அவரை நம்பி நீங்கள் பேரேட்டை ஒப்படைத்தீர்கள், அதனால் நின்றது. 2001இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில் உலகின் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த ஒரு பிரவுசரைத்தான் பயன்படுத்தினார்கள். வேறொன்றில் சோதித்துப் பார்க்கும் வழக்கமே போய்விட்டது. தென்கொரியாவில் வங்கிப் பரிமாற்றம் முழுவதும் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற நுட்பத்தில் கட்டப்பட்டு, அதிலிருந்து மீள ஒரு நாடே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் திண்டாடியது.

இப்போது குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், நம் ஊர் ஜோஹோவின் உலா எல்லாம் வேறு வேறு பெயர்கள். உள்ளே இருக்கும் எந்திரம் ஒன்றேதான், குரோமியம். அதன் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கூகுள். தனி எந்திரம் வைத்திருக்கும் பெரிய பிரவுசர்கள் பயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான். 'குரோமில் மட்டும் திறக்கவும்' என்று எழுதிவைக்கும் தளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய எக்ஸ்ப்ளோரர் நாட்கள் நினைவுக்கு வருகின்றன. காவேரிப்பாக்கம் ஏரியை வெட்டியவர்கள் அத்தனை தண்ணீரையும் ஒரே மதகில் விடவில்லை.

ஒருவரையே நம்பிச் சிக்கிக்கொள்வது பெரிய கம்பெனிகளுக்கும் நேர்கிறது. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு, ஐரோப்பியத் தடைகளை அடுத்து, மைக்ரோசாப்ட் தன் சேவைகளைத் திடீரென நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேவை திரும்பி வந்தது. உங்களால் நீதிமன்றம் ஏற முடியுமா?

ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் சிறு யூனிட் ஒன்றுக்கு நான் கணினி பார்த்துவந்தேன். அவர்களின் கணக்கு மென்பொருள் விற்றவரின் சர்வரில் இருந்தது. புதுப்பிப்புக் கட்டணத்தில் தகராறு வந்த வாரத்திலேயே உள்ளே நுழைய முடியவில்லை. நான்கு ஆண்டுக் கணக்கு. காகித பில்களைத் தரையில் விரித்து, கணக்கருடன் உட்கார்ந்து நானும் தட்டச்சு செய்தேன். கூலி நிலுவை எவ்வளவு என்று தெரியாமல் வாசலில் நின்ற தையல்காரப் பெண்களின் முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே இன்றே ஒன்று பாருங்கள். உங்கள் மென்பொருளைத் திறந்ததும் மேலே முகவரியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ 192.168 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால், கணக்கு உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணினியைத் துடைத்து வேறு எதையும் பதிவதற்கு முன் முழு நகல் எடுத்து, தனி ஹார்ட் டிஸ்கில் வீட்டில் வையுங்கள். விற்றவரின் தளப் பெயர் இருந்தால் அது அவரிடம் இருக்கிறது. அப்படியானால் நல்ல உறவு இருக்கும்போதே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் வேண்டாம், மின்னஞ்சலில்:

"2013 முதல் இன்றுவரை உள்ள எங்கள் பில், ஸ்டாக், வாடிக்கையாளர் நிலுவை முழுவதையும் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாகத் தாருங்கள். புதிய பதிப்பு பயர்பாக்ஸிலும் குரோமிலும் ஓடுவதை எங்கள் கடையில் காட்டுங்கள். ஒப்பந்தம் முடிந்த பின்பும் 90 நாள் எங்கள் கணக்கைப் பார்க்க முடியும் என்று எழுதிக் கொடுங்கள். இவை வந்த பிறகு விலை பேசலாம்."