தந்தையின் துவக்கும் தற்காப்புப் பிஸ்டலும்: அனுமதிப்பத்திரம் பெறும் வழி

தம்பலகாமத்தில் வயற்காணியும் திருகோணமலை நகரில் கடையும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கப்பம் கேட்டுத் தொலைபேசியில் மிரட்டல்கள் வருவதால் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்றுக்கு அனுமதி பெற விரும்புகிறார். அதற்கான விண்ணப்பத்தைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கொடுக்கலாமா என்று கேட்கிறார். பன்றிக் காவலுக்காகத் தந்தையார் அனுமதியுடன் வைத்திருந்த துவக்கு அவர் காலமான பின்னரும் வீட்டு அலுமாரியிலேயே இருப்பதாகவும், அதைத் தமது பெயருக்கு மாற்ற முடியுமா என்றும் கடிதத்தின் இறுதியில் சேர்த்திருக்கிறார்.

இறுதியில் கேட்டதே அவசரமானது என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் குறிப்பிட்ட ஒருவருக்கே வழங்கப்படுகிறது. காணியைப் போலவோ கடையைப் போலவோ அது பிள்ளைகளுக்கு உரிமையாக இறங்குவதில்லை. ஆகவே, உங்கள் அலுமாரியில் இருப்பது இன்றைய நிலையில் அனுமதியற்ற துப்பாக்கியாகவே கருதப்படக்கூடும். அதைத் துணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். வழியில் சோதனைக்கு நிறுத்தப்பட்டால், ஒப்படைக்கத்தான் கொண்டுபோகிறேன் என்ற விளக்கத்தை அங்கே நிரூபிப்பது கடினம். முதலில் வெறுங்கையோடு சென்று, மரணச் சான்றிதழையும் தந்தையாரின் அனுமதிப்பத்திரத்தையும் காட்டி, விடயத்தை எழுத்தில் அறிவித்து, துவக்கை எவ்வாறு ஒப்படைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டில் துவக்கின் தொடரிலக்கமும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்த பின்னரே வீடு திரும்புங்கள்.

அதன் பின்னர், பயிர்ப் பாதுகாப்புக்காக உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். இந்த வகை அனுமதியை வழங்குபவர் மாவட்டச் செயலாளர். கச்சேரிக்குப் போகவேண்டிய விண்ணப்பம் இதுதான். அது பிரதேச செயலகத்தின் ஊடாகச் செல்லும். காணி உங்களுடையது என்பதற்கான ஆவணம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, கமநல சேவை நிலையத்தின் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். வயலுக்கென்று பெற்ற துவக்கைக் கடைக் காவலுக்குக் கொண்டுவருவது அனுமதியின் நோக்கத்தை மீறுவதாகும். உங்கள் பகுதியில் யானைகளும் வயலில் இறங்குவதால் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது: பயிரை அழித்தாலும் யானையைச் சுடுவது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் குற்றமே.

இனிக் கைத்துப்பாக்கி. தனிநபர் தற்காப்புக்கான பிஸ்டல், ரிவோல்வர் போன்றவற்றுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கே உண்டு. கடை வைத்திருக்கிறேன், பணத்துடன் பயணம் செய்கிறேன் என்ற காரணங்கள் மட்டும் போதாது. உயிருக்கு மெய்யான அச்சுறுத்தல் உண்டா என்பதையே அமைச்சு பார்க்கும், அதற்காகப் பொலிஸாரிடமும் புலனாய்வுத் தரப்பிடமும் அறிக்கை கோரும். அந்த அறிக்கையை எழுதும் அதிகாரியின் கையில் உங்கள் முறைப்பாடு ஏதும் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு அஞ்சியிருந்தாலும் ‘அச்சுறுத்தல் பதிவாகவில்லை’ என்பதைத் தவிர அவரால் வேறு எதையும் எழுத முடியாது. நமது வர்த்தகர்களில் பலர் ‘ஏன் வீண் பிரச்சினை’ என்று மிரட்டலை மறைத்துவிட்டு, நேரே துப்பாக்கிக்கு விண்ணப்பிக்க முனைகிறார்கள். அந்த விண்ணப்பம் நிற்பதற்கு அடித்தளமே இருப்பதில்லை.

எனவே அடுத்த அழைப்பு வரும்வரை காத்திராமல் முறைப்பாடு செய்யுங்கள். அழைத்த இலக்கம், திகதி, நேரம், கேட்ட தொகை, சொன்ன வார்த்தைகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கவேண்டும். ஒலிப்பதிவோ குறுஞ்செய்தியோ இருந்தால் அழித்துவிடாதீர்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுவதால், உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் முழுவதையும் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பின்னரே கையொப்பமிடுங்கள். ‘கொன்றுவிடுவேன்’ என்று சொன்னது ‘ஏசினார்’ என்று பதிவாகிவிட்டால், பின்னர் வரும் எந்த அறிக்கையும் அந்தச் சொல்லையே பின்தொடரும். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டுப் பெற்று, விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அனுமதி கிடைப்பது உறுதியில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியில், ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்தவர்கள்கூடத் தற்காப்புத் துப்பாக்கிகளை நவம்பர் 7ஆம் திகதிக்கு முன்னர் மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. பின்னர் அந்தக் கால எல்லை நீடிக்கப்பட்டது. அனுமதி என்பது அரசு எந்நேரமும் திரும்பப் பார்க்கக்கூடிய ஒரு சலுகையே. கிடைத்தாலும் அது டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். வழமையாக ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் இறுதிக்குள் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தாமதம் நீளும்போது ‘ஒரு சாமான் எடுத்துத் தாறன்’ என்று யாராவது வருவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மிரட்டப்பட்ட நீங்கள் குற்றஞ்சாட்டப்பட்டவராக மாறிவிடுவீர்கள், மிரட்டியவர் வெளியே நிற்பார்.

துப்பாக்கியை விட விரைவில் உங்களுக்குப் பயன்படக்கூடிய சட்டம் வேறொன்று உண்டு. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்பு வழங்கும் சட்டத்தின்கீழ், முறைப்பாட்டாளராகிய நீங்கள் பாதுகாப்புக் கோரலாம். முறைப்பாடு செய்த அன்றே அந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அமைச்சுக்கு அனுப்பும் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் முழுப் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பத்தின் நிலையைக் கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். புலனாய்வு அறிக்கையைத் தேசிய பாதுகாப்பின் பெயரில் மறுக்கலாம் என்பதால் அதைக் கேட்காமல், விண்ணப்பம் எந்தப் பிரிவில், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது என்பதை மட்டும் கேளுங்கள்.