பூனை வளர்ப்பு: கேள்வி – பதில்
ஒன்று போன பிறகு மற்றவற்றுக்கு என்ன செய்வது?

இம்முறை எல்லையோர ஊர்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்களுக்குப் பதில். பல பூனைகள் இருந்த வீட்டில் ஒன்று இறந்துவிட்டது, மிச்சமிருப்பவற்றின் போக்கு மாறிவிட்டது. ஐந்திலும் இதுதான் விஷயம்.

கேள்வி: நான்கு பூனைகளில் மூத்தவள் சுந்தரி, சிறுநீரகம் பழுதாகிப் போன வாரம் இறந்துவிட்டாள். அவளை ஒட்டியே படுக்கும் குட்டன் (கடுவன், ஆறு வயது, ஐந்தரைக் கிலோ) மூன்று நாளாகத் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறான். வாசலைப் பார்த்துக் கத்துகிறான். துக்கம்தானே, தானாகத் தேறிவிடுவானா?
– வாசகி, கம்பம்

பதில்: துக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். இந்தக் கடிதத்தில் எங்களைப் பதற வைப்பது கத்தல் அல்ல, மூன்று நாள் பட்டினி. இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இந்த வாசகிக்கு உடனே தனியாகவும் எழுதிவிட்டோம்.

நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் தாங்கும். பூனை தாங்காது, அதிலும் கொழுத்த பூனை. சாப்பாடு இறங்காதபோது உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் வந்து குவிகிறது. ஈரல் அதைக் கையாள முடியாமல் திணறிச் செயலிழக்கிறது. ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றாலோ, இரண்டு நாளாக வழக்கத்தில் பாதிகூட இறங்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். காது மடலின் உட்புறம், ஈறு, கண்ணின் வெள்ளை இவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தட்டினால் அன்றைக்கே தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி பிடியுங்கள்.

கடுவன் என்பதால் இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஏற்படும் மாற்றம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகல், எளிதில் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். தினமும் இரண்டு முதல் நான்கு ஈரக் கட்டிகள் தட்டில் கிடக்க வேண்டும். நான்கு பூனை புழங்கும் வீட்டில் எது யாருடையது என்று தெரியாது; குட்டனை ஒரு ராத்திரி தனி அறையில், தனித் தட்டோடு வைத்தால் தெரிந்துவிடும்.

பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு பசியைத் தூண்டப் பாருங்கள். மத்தி மீனை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கி, அந்தத் தண்ணீரோடு கையில் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்போது வையுங்கள். சூட்டில்தான் வாசனை எழும். பூனைக்கு வாசனைதான் பசி. ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி, நாளைக்கு ஐந்தாறு வேளை. இருபது நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். சிரிஞ்சில் ஊற்றித் திணிக்க வேண்டாம். நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. போகாவிட்டாலும், அதற்குப் பிறகு மீனைக் கண்டாலே ஓடும். கருவாட்டில் உப்பு அதிகம். பால் பல பெரிய பூனைகளுக்குப் பேதியாகும்.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். ஐந்தரைக் கிலோவில் கால் கிலோ குறைந்தாலே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய இழப்பு.

கத்தலைப் பொறுத்தவரை, துணை இறந்த பிறகு மிச்சமுள்ள பூனைகள் குறைவாகத் தின்பதும், விளையாடாமல் இருப்பதும், தேடுவதுபோல் அலைவதும் உண்டு என்று அமெரிக்காவின் ஓக்லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அது வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு. நம் துயரத்தை நாமே பூனையின் மேல் ஏற்றிப் பார்த்திருக்கலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சோறு வைக்கும் நேரம், விளையாடும் நேரம், விளக்கணைக்கும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். சுந்தரிக்கு வந்தது தொற்றும் நோயல்ல. அவள் படுத்த துணியை இப்போதைக்குத் துவைக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு குட்டிகள் வாந்தியும் பேதியுமாக நான்கே நாளில் இறந்துவிட்டன. தாய்ப்பூனை பிழைத்துக்கொண்டது. வீடு முழுக்க பினாயில் போட்டுக் கழுவிவிட்டோம். பதினைந்து நாள் கழித்து வேறு குட்டி கொண்டுவரலாமா? வீட்டில் பாதி சிமெண்டுத் தரை, பாதி சாணம் மெழுகிய தரை.
– வாசகர், நகரி

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பேன்லுகோபீனியா. இது பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ். வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூடப் பிழைத்திருக்கும். பினாயிலும் டெட்டாலும் இதை ஒன்றும் செய்யாது. அதோடு, பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது; கழுவிய தரையில் நடந்து காலை நக்கினால் தாய்க்கும் ஆபத்து. அதை நிறுத்திவிடுங்கள்.

இந்த வைரஸைக் கொல்வது குளோரின். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கு, மலம், மூத்திரம் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவி அலச வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். மூத்திரத்தின் மேல் நேராக ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயுவும் கிளம்பும். அலசிய பிறகு, கடையில் விற்கும் 5 சதவீத திரவ பிளீச் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தரையை நனையுங்கள். பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 6 கிராம். கலக்கி, தெளிந்த பிறகு மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் எடுங்கள். பத்து நிமிடம் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த பின்பே பூனையை உள்ளே விடுங்கள். பினாயிலோடும் ஆசிடோடும் சேர்க்கவே கூடாது. கரைசலை அன்றன்று கலக்குங்கள். கட்டி பிடித்து, நெடி போன பழைய பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம்.

உங்கள் சிக்கல் சாணத் தரைதான். அதை எதைக் கொண்டும் சுத்திகரிக்க முடியாது; குளோரினைச் சாணமே தின்றுவிடும். ஆகவே வீட்டில் வைரஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, வருகிற பூனையைத் தயார்செய்யுங்கள். குட்டி வேண்டாம். தடுப்பூசி இரண்டு தவணை முடிந்து, அதற்கு மேல் இரண்டு வாரம் ஆன வளர்ந்த பூனை பரவாயில்லை. குட்டிதான் வேண்டுமென்றால் முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில்; பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் தாண்டும்வரை. இடையில் நிறுத்தினால் பயனில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி எந்த ஊசியை முறிக்கும், எதை விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிழைத்த தாய் ஆறு வாரம்வரை மலத்தில் கிருமியை வெளியேற்றலாம். மணல், துணி, மண்சட்டி எல்லாவற்றையும் எரித்தோ எறிந்தோ விடுங்கள்.

இனி ஏதாவது காரணம் தெரியாமல் இறந்தால் உடலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் உடற்கூறாய்வு கேளுங்கள். ஃபிரீசரில் வைத்து உறையவிட்டால் திசு சிதைந்து ஆய்வுக்கு உதவாது.

கேள்வி: மூன்றில் ஒன்றைப் பாம்பு கடித்தது. அதோடு இன்னொன்றையும் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். முதலாவது பிழைக்கவில்லை. திரும்பி வந்ததிலிருந்து மிச்சம் இரண்டும் (அக்காள் தங்கை, ஐந்து வயது) கண்டாலே சீறுகின்றன. விலக்கப் போன என் கணவர் கையில் நேற்று ஆழமாகப் பல் இறங்கிவிட்டது.
– வாசகி, கொல்லங்கோடு

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரர். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி பற்றி அங்கே முடிவெடுப்பார்கள். பூனைப் பல் ஊசிபோல. மேலே சின்னத் துளை, உள்ளே கிருமி ஆழத்தில் தங்கும். மறுநாள் கை வீங்கிச் சிவந்தால் தாமதிக்கக் கூடாது.

பூனைகளுக்குள் நடந்தது பகை என்று தோன்றவில்லை. ஒன்று மருந்து நெடியோடு வந்து நிற்கிறது. மற்றொன்றின் மூக்குக்கு அது அந்நியப் பூனை. அதே நாளில் மூன்றாவதன் வாசனையும் வீட்டிலிருந்து மறையத் தொடங்கியது. மூன்று பூனை வீட்டில் இருவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். அது போனால் மற்ற இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்.

இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். மூன்று நாளைக்குப் பார்வையே வேண்டாம். ஒரு துண்டால் ஒன்றின் கன்னத்தைத் தடவி, அதே துண்டால் மற்றதைத் தடவுங்கள், காலையும் மாலையும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் ஒரு மீட்டர் தள்ளித் தட்டு. இரண்டும் நிதானமாகத் தின்றால் தினமும் ஒரு சாண் கதவை நோக்கி நகர்த்துங்கள். கதவை ஒட்டித் தின்னும் நாள் வந்ததும் கொசுவலைச் சட்டம் வைத்து முகம் காட்டுங்கள். அப்புறம்தான் ஐந்து நிமிடச் சந்திப்பு. சீறினால் முந்தின கட்டத்துக்குப் போய்விடுங்கள். இரண்டு வாரத்திலும் முடியும், இரண்டு மாதமும் ஆகும். ‘பழகட்டும்’ என்று இரண்டையும் பிடித்து முகத்தோடு முகம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் காரியம் கெடுவது அங்கேதான். சண்டை மூண்டால் கையை விடாதீர்கள், நடுவே ஒரு அட்டையைச் செருகுங்கள்.

மணல் தட்டு, பூனைக்கு ஒன்று, மேலும் ஒன்று, உங்களுக்கு மூன்று. மூன்றையும் குளியலறையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டு. வெவ்வேறு மூலையில், பின்வாங்க வழியுள்ள இடத்தில் வையுங்கள். பரணுக்கு ஏற ஒரு பலகை போதாது, இறங்க இன்னொன்றும் வேண்டும். ஒரே வழி என்றால் ஒன்று மறிக்கும்.

கேள்வி: இறந்த பூனையை மற்றவற்றுக்குக் காட்ட வேண்டுமா? கிணற்றடியில் புதைக்கலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: தொற்று நோயோ விஷமோ இல்லையென்றால் காட்டலாம்; காட்டாவிட்டாலும் குற்றமில்லை. முகர்ந்துவிட்டு நகர்ந்து போனால் மனம் நோகாதீர்கள். கிணற்றடி கூடாது. கிணற்றிலிருந்து 50 மீட்டராவது தள்ளி, மேட்டுப் பக்கமாக இல்லாமல், மூன்றடிக்குக் குறையாத குழி. சாரல் காலத்தில் குழியில் ஊற்று வந்தால் இடத்தை மாற்றுங்கள். பருத்தித் துணி போதும். வலி தீர ஊசி போட்டு அனுப்பிய பூனை என்றால் ஆழத்தைக் கூட்டி மேலே கல் வையுங்கள். தோண்டித் தின்னும் நாயையும் அந்த மருந்து கொல்லும்.

கேள்வி: இரண்டில் ஒன்று போய், பதினோரு வயதுப் பெட்டை மட்டும் தனியாக இருக்கிறது. துணைக்கு ஒரு குட்டி?
– வாசகி, களியக்காவிளை

பதில்: துணை வேண்டுவது அதற்கா, உங்களுக்கா என்று ஒரு மாதம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த மாதத்தில் அது நன்றாகத் தின்று, எடை குறையாமல், முன்புபோல உங்கள் மடிக்கு வந்தால் அதற்கு எதுவும் குறையவில்லை. வயதான பூனைக்கு மூன்று மாதக் குட்டி பெரும் தொல்லை. தூங்கவிடாது, வாலைக் கடிக்கும். கொண்டுவந்தே தீருவதென்றால் ஏழெட்டு வயதுள்ள சாதுவான ஒன்று, இல்லையேல் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும் இரண்டு குட்டிகள். எதுவானாலும் பதினான்கு நாள் தனி அறை, தனித் தட்டு, தனிக் கிண்ணம். அந்த அறைக்குள் போட்ட செருப்பு வெளியே வரக் கூடாது. அதற்குள் குடற்புழு மருந்தும், ரத்தப் புற்று வைரஸுக்கான சோதனையும் முடித்துவிடுங்கள். அதன் பிறகு கொல்லங்கோட்டு வாசகிக்குச் சொன்ன கதவு முறை உங்களுக்கும் பொருந்தும்.