மாமன் ஏன் அடித்தான்? தாலாட்டுக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். காய்ச்சல், சளி, மருந்து எல்லாம் டாக்டரிடம்.

செங்காங், 4 மாதப் பையனின் அம்மா: அக்கா, எனக்குக் குரலும் இல்லை, பாட்டும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குரல் கிடக்கட்டும். வயிற்றுக்குள் இருக்கும்போதே அவன் கேட்டுப் பழகிய குரல் அது, மதிப்பெண் போடமாட்டான். 'ஆராரோ ஆரிரரோ' தெரியும் அல்லவா? மீதியை நீங்களே கட்டலாம். அந்தக் காலத்துப் பாட்டிகளும் அப்படித்தான் கட்டினார்கள். வரிக்கு வரி உறவுக்காரர் ஒருவரை இழுத்துவந்து, எங்கே போனார், என்ன கொண்டுவருவார், ஏன் இன்னும் காணோம் என்று அடுக்குவார்கள். முதலெழுத்து ஒத்துப்போனால் வாயில் தானாக நிற்கும். இப்படி:

ஈசூனு மாமன் வர எம்ஆர்டி ஏறி வர
ஈரமழை கொட்டுதய்யா இன்னும் வரக் காணலையே
பொங்கோலு சித்தி வர பொம்மை ரெண்டு வாங்கி வர
பொழுதடைஞ்சு போச்சுதய்யா பூங்கண்ணை மூடிக்கய்யா

உங்கள் அண்ணன் எந்தப் பேட்டையில் இருக்கிறாரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாடும் விதம்தான் முக்கியம். வீறிட்டு அழுகிற பிள்ளையிடம் மெல்ல முனகினால் காதிலேயே விழாது. அழுகையின் வேகத்துக்கே, கொஞ்சம் சத்தமாகத் தொடங்குங்கள். தொடையில் தட்டுவதும் அதே தாளத்தில். அவன் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் குரலை ஒரு படி இறக்குங்கள், தட்டுவதையும் தளர்த்துங்கள். கண் சொக்கியதும் மாமனையும் சித்தியையும் விட்டுவிட்டு வெறும் 'ராராரோ'. அப்புறம் வாயை மூடி 'ம்ம்ம்' மட்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: கண் மூடியதும் பாட்டைச் சட்டென்று நிறுத்துவார்கள், பிள்ளை விழித்துக்கொள்ளும். இன்னும் இரண்டு சுற்று முனகுங்கள். தட்டுவதை நிறுத்திய பிறகும் கை அங்கேயே இருக்கட்டும். கடைசியில்தான் கையை எடுக்க வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட் அப்பா: யூடியூபில் 8 மணி நேரத் தாலாட்டு இருக்கிறது. கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்து ஓடவிடுகிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை. 18 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு, தாத்தா பாட்டியிடம் வீடியோவில் பேசுவது தவிர, திரையே வேண்டாம் என்கிறது நம் சுகாதார அமைச்சின் வழிகாட்டி. திரையை மூடி வைத்தாலும் தலைமாடு கூடாது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தைகளைத் தூங்கவைக்கும் 14 ஒலிக்கருவிகளைச் சோதித்தார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் முழுச் சத்தத்தில் எல்லாமே 50 டெசிபலைத் தாண்டின. மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குச் சொல்லப்படும் வரம்பு அது. மூன்று கருவிகள் 85ஐயும் தாண்டின. வைத்தே தீர வேண்டுமென்றால் 2 மீட்டர் தள்ளி, சத்தத்தை நன்றாகக் குறைத்து வையுங்கள். தூங்கியதும் அணைத்துவிடுங்கள்.

தோ பாயோ, இசை ரசிகர்: நீலாம்பரி பாடினால்தானே தூக்கம் வரும்?

பதில்: அருமையான ராகம், தெரிந்தால் பாடுங்கள். ஆனால் நாற்று நட்டுவிட்டு வந்து தொட்டில் ஆட்டியவர்கள் ராகம் பார்த்தா பாடினார்கள்? நாலைந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் மெட்டு, நீட்டி முடிக்கும் வரி, இவ்வளவுதான் விஷயம். (மறுபடி எழுதி, அது 29ஆவது மேளத்தில், அதாவது தாய் ராகத்தில், பிறந்த ராகம் என்று பாடம் நடத்தியிருக்கிறார். சரி ஐயா. என் பேத்திக்கு அது தெரியாது, தூங்கிவிடுகிறாள்.)

ஈசூன், புது அம்மா: மாமியார் சாரோங் தொட்டில் கட்டச் சொல்கிறார், கணவர் கூடாது என்கிறார்.

பதில்: குடும்பச் சண்டையில் நுழைய மாட்டேன். ஒன்று மட்டும்: துணித் தொட்டிலில் உடம்பு வளைந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடலாம். தூங்குவதற்குக் கெட்டியான, சமமான மெத்தைதான் நல்லது. மல்லாக்கப் போடுங்கள், தலையணை, பொம்மை எதுவும் வேண்டாம். நெஞ்சின் மேல் வைப்பார்களே பச்சைப்பயற்றுத் தோல் தலையணை, அதுவும் வேண்டாம். மேற்கொண்டு டாக்டரைக் கேளுங்கள். மாமியாரிடம் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடோக், 2 வயது மகளின் அப்பா: 'மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ' என்று என் அம்மா பாடுகிறார். மகள் பாலர் பள்ளியில் போய் 'மாமா அடிச்சாங்க' என்று சொன்னால் என்ன ஆவது? வரியை மாற்றக்கூடாதா?

பதில்: தாராளமாக மாற்றுங்கள். ஆனால் மாமன் எதனால் அடித்தான் என்று கேட்டீர்களா? மல்லிகைப்பூச் செண்டால். பூவால் அடித்தால் வலிக்குமா? உன்னை யாரும் அடிக்கவில்லை, சும்மா அழுகிறாய் என்று கொஞ்சுகிற வழி அது.

உட்லண்ட்ஸ் பாட்டி: எப்போதும் மாமன் மேலேயே ஏன் பழி? சித்தப்பா மட்டும் ரொம்ப நல்லவரா?

பதில்: சித்தப்பா பக்கத்து அறையில் இருப்பார் அம்மா, காதில் விழும்! புகுந்த வீட்டில் உட்கார்ந்து பாடுகிறவள் உரிமையோடு வம்புக்கு இழுக்கக்கூடியது கூடப்பிறந்தவனைத்தான். சீர் கொண்டுவர வேண்டியவனும் அவன். அத்தையையும் சேர்த்துக்கொள்வது நாத்தனாருக்கு வைக்கும் சின்னக் குத்து. பிள்ளைக்குப் பாடுவதுபோல் வீட்டுக்கே சொல்லிவிடுவாள்.

அங் மோ கியோவிலிருந்து ஒருவர்: தாலாட்டில் குறைசொல்வது அபசகுனம். பெரியாழ்வார் பாசுரத்தில் இப்படி உண்டா?

பதில்: இல்லைதான். அவருடைய கண்ணனுக்கு மாணிக்கமும் வயிரமும் கட்டிய பொன் தொட்டிலைப் பிரமனே அனுப்புகிறான். அம்மாவுக்கு என்ன குறை? கிழிந்த சேலையில் தூளி கட்டியவளுக்கு நிறையவே இருந்தது. இரண்டும் தாலாட்டுத்தான்.

ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்: எங்கள் அம்மா மாமனை விட்டுவிட்டுக் கங்காணியைத்தான் திட்டிப் பாடுவார். விடியுமுன் எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டப் போக வேண்டும்.

பதில்: அந்த வரிகள் நினைவிருந்தால் தயவுசெய்து எழுதி வையுங்கள். இங்கே நான் சொன்ன எல்லாவற்றையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

பிடோக் அப்பா மீண்டும்: அதெல்லாம் சரி, பாலர் பள்ளி ஆசிரியருக்கு நான் என்ன சொல்வது?

பதில்: பாட்டைச் சொல்லுங்கள். தமிழாசிரியராக இருந்தால் அடுத்த வரியை அவரே பாடுவார்.

தெம்பனிஸ் அம்மா: கைப்பேசியில் தாலாட்டுப் போடலாமா?

பதில்: மேலே ஜூரோங் வெஸ்ட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பொங்கோல் அம்மா: ஜாதிக்காய் உரசிக் கொடுத்தால் நன்றாகத் தூங்குமாமே?

பதில்: கொடுக்காதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக்: நாங்கள் வேலைக்குப் போனதும் பணிப்பெண் ஜாவானியப் பாட்டுப் பாடித் தூங்கவைக்கிறார். பிள்ளைக்குத் தமிழ் வராமல் போய்விடுமா?

பதில்: ஒரு பாட்டால் தமிழ் போகாது. பகலில் அவர் பாடட்டும், ராத்திரி நீங்கள் பாடுங்கள். 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் புரியாத மொழிப் பாட்டுகளைக் குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டினார்கள். மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டுக்குத்தான் இதயத்துடிப்பு அதிகம் தணிந்தது.

சுவா சூ காங்: 3 வயது மகன் இன்னொன்று, இன்னொன்று என்று பத்துப் பாட்டு கேட்கிறான்.

பதில்: மூன்று பாட்டு, தினமும் அதே வரிசை, கடைசிப் பாட்டு மாறவே கூடாது. முதல் வாரம் அழுவான். நீங்கள் இளகினால் பதினொன்றாகும்.

தெம்பனிஸ் அம்மா மீண்டும்: கைப்பேசி இல்லை அக்கா, புளூடூத் ஸ்பீக்கர்.

பதில்: ஸ்பீக்கருக்கும் அதே 2 மீட்டர்தான் அம்மா! அது பிள்ளையின் மூச்சைப் பார்த்து வேகத்தைக் குறைக்குமா?

செங்காங் அம்மா மீண்டும்: பாடிக்கொண்டே சோபாவில் நானே முதலில் தூங்கிவிடுகிறேன்.

பதில்: அது ஆபத்து. பிள்ளையை மடியில் வைத்துச் சோபாவில் கண்ணயரவே கூடாது. இடுக்கில் நழுவினால் மூச்சு முட்டும். உறக்கம் வருகிற நாளில் முதலிலேயே அவனைக் கட்டிலில் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு பாடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அவன் அப்பாவை எழுப்புங்கள். அவருக்கும் ராராரோ வரும்.